ஐஸ் பெட்டியின் முதுகு

எந்த இயந்திரத்தையும் அதன் விளக்கப் புத்தகத்தைப் படிக்காமல் நான் தொட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு மிக்சி வந்தபோது, அதன் புத்தகத்தை நான் படித்து முடிக்கும்வரை என் மனைவி இரண்டு நாள் அம்மியில் அரைத்தாள். இப்படிப்பட்ட ஒருவனை ஒரு குளிர்பெட்டி ஒரு வாரம் முட்டாளாக்கியது என்றால் அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்காதா? அதனால்தான் இத்தனை காலம் எழுதவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, மருந்துக் கையிருப்பு பார்ப்பது, படிவங்கள் நிரப்புவது எல்லாம் என் வேலை. டாக்டர் ஒருவர் உண்டு, மலையாளி. நாலு எஸ்டேட்டுக்கு அவர் ஒருவரே என்பதால் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் கிடைப்பார். மற்ற நாட்களில் நானும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே வேர்விட்ட ஓர் ஆயாவும்தான் ஆஸ்பத்திரி.

மின்சாரம் தொழிற்சாலையோடும் பெரிய துரையின் பங்களாவோடும் நின்றுவிட்டது. ஆகவே எங்களுக்கு வந்தது மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பெட்டி. அடியில் எண்ணெய்த் தொட்டி, அதில் ஒரு திரி, திரிக்கு மேல் ஒரு புகைக்குழாய். தீ எரிய எரிய உள்ளே பனி பிடிக்கும். உள்ளிருந்து பிடுங்கிய சூட்டையும் தீயின் சூட்டையும் பெட்டி தன் முதுகில் இருக்கும் தகடுகள் வழியாக வெளியே தள்ளும். தீயைக் கூட்டினால் குளிர் கூடும் என்று லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்து ஜனங்களிடம் நான் விளக்கியபோது, அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பெட்டியின் பின்புறம் காற்றோட்டம் வேண்டும் என்று புத்தகம் சொன்னது. மருந்தறையோ குறுகல். நான் தச்சரை வைத்து மருந்தறைக்கும் துணியறைக்கும் நடுவிலிருந்த பலகைத் தடுப்பைப் பெட்டியின் அளவுக்கு அறுத்தேன். பெட்டியின் முகம் என் அறையில், முதுகு துணியறையில். இந்த ஏற்பாட்டைப் பார்த்து டாக்டர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். துணியறை ஆயாவின் ராஜ்யம். திரியைச் சரிபார்க்க மட்டும் நான் தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே போவேன்.

வைத்த பத்தாம் நாளே அங்கே ஒரு மாவுச் சட்டியைப் பிடித்தேன். பெட்டியின் முதுகோடு ஒட்டி, மூடி போட்டு, துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தது.

"ஏன் ஆயா, இது ஆஸ்பத்திரியா, ஓட்டலா?"

"என்னய்யா செய்ய? இந்தக் குளிருல மாவு மூணு நாளானாலும் பொங்க மாட்டேங்கு. இதோட முதுகுல வச்சா விடியுததுக்குள்ள பொங்கிருது."

"அது காற்று போவதற்காக விட்ட இடம்."

"காத்து போவுத எடத்துல மாவும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே."

சட்டியை எடுத்துக் கழிவு வாய்க்காலில் கொட்டினேன். 'குளிர்பெட்டியின் பின்புறம் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டினேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. அறிவிப்பு ஒட்டுவது முறை, ஒட்டினேன்.

அந்த ஆடி மாதம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணை நாய் கடித்தது. இருபது வயதிருக்கும், ஏழு மாதக் கர்ப்பிணி. கெண்டைக்காலில் ஆழமான கடி. கடித்த நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது விதி. காவல்காரர் அதைக் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் அங்கேயே முடித்துவிட்டார். அதற்கு வெறி இருந்ததா என்று இனி நாய்க்கே வெளிச்சம். ஆகவே பதினான்கு நாள், தினம் ஒன்றாக வயிற்றைச் சுற்றி ஊசி. கர்ப்பிணியின் வயிறு. எழுதவே கை கூசுகிறது.

பதினான்கு சிறு புட்டிகள் லாரியில் வந்து இறங்கின. மறுநாள் மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைந்துபோனது. குளிர்பெட்டியில் இருந்த பதினான்கு புட்டிகளும்தான் அந்தப் பெண்ணின் உயிர். இன்னொரு புட்டி வேண்டுமென்றால் சமவெளியிலிருந்துதான் வரவேண்டும். "ஐஸாகிப் போயாச்சுன்னா அது வெறும் வெள்ளமாக்கும்" என்று, தண்ணீரை வெள்ளம் என்னும் டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நான் மூன்றாவது தடவையாக எழுதி வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஊசி அன்று அவளுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைகூட இல்லை. டாக்டர் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "இது அந்தி வரை நிக்காது" என்றார். அவர் அன்றே மாட்டுப்பட்டிப் பக்கத்து எஸ்டேட்டுக்குக் குறுக்கு வழியாக நடந்தாக வேண்டும். இறப்புப் படிவத்தில் டாக்டர் கையெழுத்து இல்லாவிட்டால் அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே நான் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி அவரிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நேரம் மட்டும் காலி.

இதைச் செய்தது நான்தான். அன்று எனக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை.

மறுநாள் காலை போனேன். நாய்க்கடி என்பதால் அவளைப் பொது வார்டில் போடாமல் துணியறைக்கு அடுத்த சிறிய அறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தோம். யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். தொட்டில் காலியாக இருந்தது. அதில் விரித்திருந்த துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அவள் புருஷன் மண்வெட்டியும் கையில் ஒரு துணி மூட்டையுமாக இறங்கிப் போவதைப் பார்த்திருந்தேன். பெயர் வைக்காத குழந்தையை லயத்து ஜனங்கள் யாருக்கும் சொல்லாமல் தேயிலைச் சரிவில் புதைத்துவிட்டு வேலைக்குப் போவது அங்கே வழக்கம். கேட்பது அநாகரிகம் என்று நினைத்தேன். படிவத்தில் காலை ஐந்தரை என்று எழுதி, அலுவலகத்துக்கு நடந்து போகும் தபால் ஆளிடம் கொடுத்தனுப்பினேன். நாலாவது ஊசியைப் போட்டேன். அவள் முனகவில்லை. துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊசி தொடங்கிய ஐந்தாம் நாள் குளிர்பெட்டியைத் திறந்தால், ஃப்ரீசரைச் சுற்றி விரற்கடை கனத்துக்குப் பனி. மேல் தட்டின் பின்பக்கம்வரை வெள்ளை ஏறி வந்திருந்தது. வாரத்துக்கு ஒரு முறை துடைக்கும் அளவுக்குப் பனி பிடிப்பது சகஜம். இது அப்படியில்லை.

பனியை உருக்கும் முறை புத்தகத்தில் எட்டாம் பக்கம். தீயை அணைக்க வேண்டும். மருந்துகளைக் கம்பளியில் சுற்றி வெளியே வைக்க வேண்டும். உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் கதவைத் திறந்துவிட வேண்டும். நான் திரியை அணைக்கத் துணியறைக்குள் போனபோது அந்தப் பெண் எப்படியோ எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, அத அணைக்காதீங்கய்யா."

"உன் மருந்துக்காகத்தான் அணைக்கிறேன்."

"எவ்வளவு நேரம்யா? சித்த நேரத்துல பத்த வச்சிருவீங்களா?"

"மத்தியானம் ஆகும். பனி கனத்துப்போனால் அது ஃப்ரீசருக்குக் கம்பளி போர்த்தின மாதிரி. குளிர் ஓரிடத்தில் கூடிப்போகும், ஓரிடத்தில் வராது. புரிகிறதா?"

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்தைப் பற்றிய அக்கறை என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. படிக்காத பெண்ணுக்கு ஒரு விஞ்ஞான உண்மையைப் புரியவைத்த திருப்தியோடு வெளியே வந்தேன். அன்று முற்பகல் முழுவதும் ஆயா அடுக்களையில் அடுப்பைவிட்டு நகரவில்லை. சேலையை நெஞ்சோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு, குனிந்து உட்கார்ந்திருந்தாள். வார்டு பெருக்கவில்லை என்று திட்டினேன்.

"வயித்து வலிய்யா. சாயங்காலம் பெருக்குதேன்."

"ஓமத் திராவகம் தருகிறேன், குடி."

"கொண்டாங்க, குடிக்கேன்" என்றாள், நிமிராமலே.

மத்தியானம் திரியைப் பற்றவைத்து, புத்தகம் சொன்ன உயரக் குறிக்குக் கொண்டுவந்தேன். ஆறாம் நாள் காலை திறந்தால் பனி பழையபடி. என்னால் நம்ப முடியவில்லை.

அப்புறம் நான் செய்ததையெல்லாம் இன்றைக்கும் எந்த மெக்கானிக்கும் குறை சொல்ல முடியாது. பெட்டி சாய்ந்திருந்தால் கோளாறு வரும் என்பதால் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். அரை நூல் சாய்வு. தேயிலைப் பெட்டியின் பலகைச் சீவலைக் காலடியில் கொடுத்துச் சரிசெய்தேன். கதவின் ரப்பர் பட்டை தளர்ந்திருந்தால் ஈரக்காற்று புகும். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் மட்டும் காகிதம் தாராளமாக வந்தது. பட்டையை வெந்நீர்த் துணியால் ஒத்தி, பவுடர் தடவி நிமிர்த்தினேன். உள்ளே திறந்த பாத்திரத்தில் திரவம் எதுவும் இல்லை. புட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தேன். அது ஐஸானால் புட்டிகளுக்கு ஆபத்து என்று அர்த்தம். அலுவலகத்துக்கும் எழுதிப்போட்டேன்: கோயம்புத்தூர் ஏஜென்ட்டிடமிருந்து மெக்கானிக் வேண்டும், திரி தானாகக் குறிக்கு மேல் ஏறிவிடுகிறதோ என்ற சந்தேகத்தில் ஒரு தடுப்பாணி வேண்டும், முடிந்தால் இன்னும் சில மருந்துப் புட்டிகளும் வேண்டும்.

ஏழாம் நாள் யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். ஒரு காகிதப் பட்டையைக் கதவின் குறுக்கே ஒட்டி அதில் என் கையெழுத்தைப் போட்டேன், கிடங்குக்கு முத்திரை வைப்பது போல. எட்டாம் நாள் காலை முத்திரை அப்படியே இருந்தது. கிழித்துத் திறந்தேன். தம்ளரில் தண்ணீர் கட்டியாகி, கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. பின்வரிசையில் இருந்த இரண்டு புட்டிகளுக்குள் வெள்ளைக் கல்.

அந்த இரண்டு புட்டிகளையும் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. விரல் மரத்துப்போனது. யாரும் திறக்காத பெட்டியில், புத்தகப்படி இருந்த பெட்டியில், ஒரு பெண்ணின் இரண்டு நாள் உயிர் கல்லாகிக் கிடந்தது. எட்டாம் ஊசிக்கு ஒன்று எடுத்தேன். அவளுக்கு மிச்சம் நாள் ஆறு. நல்ல புட்டி நாலு.

தொட்டியில் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தேன். எண்ணெய் புத்தகக் கணக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைந்திருந்தது. உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. மலைமேல் மண்ணெண்ணெய் காணாமல் போனால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

"ஆயா, சீமெண்ணெய் எங்கே போகிறது?"

"பெட்டிதான குடிக்கி. அதுகிட்டக் கேளுங்க."

"இரண்டு மடங்கா?"

"அப்ப நான் குடிச்சாக்கும் உசுரு வாழுதேன்? மோந்து பாருங்கய்யா, வாய மோந்து பாருங்க!"

"போலீசுக்கு எழுதுவேன்."

"எழுதுங்க. நீங்க எழுதாத ஒண்ணு இந்த மலையில பாக்கி இருக்கா?"

ஆயா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் எட்டு மணிக்கு வழக்கம்போலப் போனேன். திரி குறிக்கு மேல் நன்றாக ஏறியிருந்தது. இறக்கினேன். துணியறையில் வழக்கமான துணிக் குவியல்களும் கூடைகளும்தான் இருந்தன. ஊசி போட்டுவிட்டு மருந்தறைக்கு வந்தேன். பதினொன்றே கால் மணிக்கு அளவுக் குச்சி தேவைப்பட்டது. துணியறையில் விட்டுவந்திருந்தேன். அந்த நேரத்தில் நான் அங்கே போனதே கிடையாது. என்னைப் பார்த்துக் கடிகாரத்தில் நேரம் வைக்கலாம் என்பார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. கடிகாரத்தைப் போல ஏமாற்றச் சுலபமானது வேறில்லை.

கதவைத் தள்ளினேன்.

பெட்டியின் முதுகுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் ஒரு கொழுந்துக் கூடையை வைத்திருந்தார்கள். கூடைக்குள் கம்பளி. அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு, திரியின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தாள். ஆனால் நகரவில்லை.

நான் கூடைக்குள் பார்த்தேன். கம்பளி மடிப்புக்குள் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய தலை. சிவப்பு முகம். எண்ணெய் தடவிப் பஞ்சு சுற்றியிருந்தது. பஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு இறந்துபோன குழந்தை.

கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது நினைவிருக்கிறது. எனக்கு முதலில் வந்த எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது: 'படிவம் போய்விட்டதே.' அதற்குப் பிறகுதான், ஐந்தாம் நாள் முற்பகல் முழுவதும் நான் அணைத்து வைத்திருந்த தீ நினைவுக்கு வந்தது. வாசலில் நின்று "எவ்வளவு நேரம்யா" என்று அவள் கேட்டதும், அடுப்படியில் சேலையை இறுக்கிக்கொண்டு ஆயா குனிந்திருந்ததும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தினமும் எட்டு மணிக்கு மட்டும் குழந்தை ஆயாவின் சேலைக்குள் ஒளிந்திருக்க வேண்டும். நான் வயிற்று வலிக்கு ஓமத் திராவகம் கொடுத்திருந்தேன்.

ஆயா பின்னால் ஓடி வந்துவிட்டாள்.

"தூக்கிக் கொட்டிராதீங்கய்யா" என்றாள். "இது மாவு இல்ல."

தட்டுத்தடுமாறிக் கேட்டேன், "இவள் புருஷன் மண்வெட்டியோடு போனானே?"

"சரிஞ்ச மண்ண வெட்டிப்போடத்தான் போனான். ஆம்பளைய எல்லாரையும்லா கூப்பிட்டு விட்டிருந்தாவ. மூட்டையில கஞ்சி கொண்டுபோனான்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கதான் அது இருக்கும்போதே சீட்டு எழுதிட்டியளே. நீங்க எழுதினத மாத்தி நாங்க எங்க பாத்திருக்கோம்?"

கோபம்தான் எனக்குத் தெரிந்த வழி. அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமா, இந்தத் தீயை நீ ஏற்ற ஏற்ற உள்ளே உன் மருந்து ஐஸாகிறது. இரண்டு புட்டி போய்விட்டது. மருந்து இல்லாவிட்டால் நீ என்ன ஆவாய் தெரியுமா?"

"தெரியும்யா. நீங்கதான அன்னைக்கு வெவரமாச் சொன்னீங்க."

"தெரிந்துமா?"

"தீ ஏறினா நான் போவேன். எறங்கினா அது போவும்." எழுந்து நிற்க முயன்றாள், முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். "எனக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுக்கு ஒரு பொழுது தாங்காதுல்ல. அதான் மொதல்ல அதப் பாத்தேன்."

ஏதோ கடையில் சாமான் வாங்கும் வரிசையைச் சொல்வது போலச் சொன்னாள். நான் இதுவரை எத்தனையோ விளக்கப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். கோளாறுக்குக் காரணம் என்ற தலைப்பில் இதை எங்கே போட்டிருப்பார்கள்?

உட்கார்ந்துவிட்டேன், அங்கேயே, துணிக் குவியல் மேல். புகை அந்தச் சிறிய அறையில் தங்கினால் அதுவே குழந்தையைக் கொன்றுவிடும் என்பது அடுத்ததாக நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலின் மேல்கண்ணாடி உடைந்து ஆறு மாதமாகிறது. மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதியிருந்தேன். அலுவலகம் மூன்றுக்கும் பதில் போடவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் புகை போய்க்கொண்டிருந்தது. அலுவலகத்தின் சோம்பேறித்தனத்துக்கு என் வாழ்நாளில் நான் நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"அப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று தெரியவில்லை. கம்பவுண்டர் ஆயாவிடம் கேட்கும் கேள்வி அல்ல அது.

"மருந்து குளுந்து கெடக்கணும், அவ்ளதான?" என்றாள் ஆயா. "பங்களாவுல ஐஸ் பெட்டி வாரதுக்கு முன்ன, தொரைக்கு வெண்ணெய எங்க போட்டு வச்சாவ? ஓடைக்குள்ளதான? ஒரு நாளாவது உருகிச்சுன்னு தொரை அடிச்சிருக்காரா?"

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பாறை இடுக்கிலிருந்து ஊற்று இறங்கி ஓடியது. வெப்பமானியை எடுத்துக்கொண்டு மழையில் போனேன். கால் மணி நேரம் நீருக்குள் வைத்தேன். ஐம்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட். நாற்பதுக்கு மேல் போனால் நல்லதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். புட்டியோடு வந்த சீட்டை எடுத்துப் படித்தேன்: குளிர்ந்த, இருண்ட இடத்தில் வைக்கவும், உறையவிடக் கூடாது. எண் எதுவும் இல்லை. அந்தச் சீட்டை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

மிச்சமிருந்த மூன்று நல்ல புட்டிகளையும் மூடி இறுகிய ஒரு பால்பவுடர் டப்பாவில் வைத்து, மெழுகு ஊற்றி அடைத்து, கல் கட்டி ஊற்றுக்குள் இறக்கினேன். காலையும் மாலையும் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். குளிரவைக்க வேண்டியது ஓடையில் கிடந்தது. குளிர்பெட்டியின் முதுகில் ஒரு குழந்தை குளிர்காய்ந்துகொண்டிருந்தது. திரியை நானே ஏற்றினேன். புகை கறுக்காத உயரம் எது என்று பார்த்து அங்கே நிறுத்தினேன், அவர்கள் குத்துமதிப்பாக ஏற்றியதைவிடச் சூடு கூடவே கிடைத்தது. கூடையைப் புகைக்குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். ஃப்ரீசரில் பனி இஷ்டத்துக்கு வளர்ந்தது. கதவைத் திறக்கவே இல்லை.

பதினோராம் நாள் டாக்டர் சேறும் அட்டைக்கடியுமாக நடந்து வந்து சேர்ந்தார். கூடைக்குள் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எடோ, இது நான் மரிச்சுன்னு ஒப்பிட்ட குட்டியல்லே?"

"ஆமாங்க. நீங்க கையெழுத்துப் போட்ட அதே குழந்தைதான்."

"எந்தா செய்யும் இப்போ?"

இறந்தவரை உயிரோடிருப்பதாகத் திருத்தும் படிவம் எதுவும் எஸ்டேட்டில் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன். டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, குழந்தைக்குப் பாலாடையில் எவ்வளவு பால் புகட்ட வேண்டும் என்று ஆயாவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

பன்னிரண்டாம் ஊசியோடு நல்ல புட்டி தீர்ந்தது. பதின்மூன்றாம் நாள் அவளுக்கு ஊசி இல்லை. அன்று முழுவதும் அவள் குழந்தையோடு துணியறையில் இருந்தாள். நான் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பதினான்காம் நாள் மத்தியானம் உடுமலைப் பாதையில் முதல் லாரி ஏறி வந்தது. அதில் இரண்டு புட்டிகள் வந்தன. கூடவே நான் கேட்டிருந்த மெக்கானிக்கும் வந்தார். இரண்டு ஊசியும் இரண்டு நாளில் போட்டோம். ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டரைக் கேட்டேன். "புஸ்தகத்தில் இல்ல" என்றார்.

மெக்கானிக் கொங்குநாட்டுக்காரர். மஃப்ளர் சுற்றிய தலையோடு பெட்டியைத் திறந்து பார்த்து, "அட, இமயமலையையே உள்ளாற வெச்சிருக்கீங்களே" என்றார். திரித் தடுப்பாணி பொருத்தத் துணியறைக்குள் போனார். அவரை வரவழைத்ததும் நான்தான், ஆணி கேட்டு எழுதியதும் நான்தான். சற்றுப் பொறுத்து வெளியே வந்தார்.

"ஏனுங்க, அங்க ஒரு கொழந்தை இருக்குதுங்க."

"தெரியும்."

"ஐஸ் பெட்டிக்குப் பொறத்தால இருக்குதுங்க."

"தெரியுமுங்க."

"நானும் எத்தனையோ பங்களா பாத்துப்போட்டேனுங்க. பால் வெப்பாங்க, பீர் வெப்பாங்க, கோழி வெப்பாங்க." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க எந்தூருங்க?"

"வேலந்தாவளமுங்க."

"அட, நம்ம பக்கந்தானுங்களா! அதான் பேச்சு அப்படி இருக்குது." பைக்குள் கைவிட்டு, தடுப்பாணியை எடுத்துப் பார்த்து, மறுபடி பைக்குள்ளேயே போட்டார். "ஆணி கொண்டாற மறந்துட்டேனுங்க. அடுத்த மாசம் வாரேன். அதுவரைக்கும் சோதனை நடக்குதுன்னு எழுதிக்கங்க. சோதனைன்னா எண்ணெய் கூடத்தானுங்க ஆகும்."

எழுதினேன். உறைபனி தொடர்கிறது, காரணம் ஆராயப்படுகிறது, மண்ணெண்ணெய் கூடுதலாகத் தேவை. என் பணிக்காலத்தில் நான் தெரிந்தே எழுதிய முதல் பொய். அதை ஐந்து வாரம், வாரம் ஒன்றாக எழுதினேன். ஐந்தாவது வாரம் குழந்தை தானாகக் காலை உதறிக் கம்பளியைத் தள்ளியது. இனி லயத்துக்கு எடுத்துப்போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

குழந்தை பிழைத்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது தாய்தான். இரண்டு புட்டி கல்லாகி, ஒரு நாள் தவறி, மூன்று புட்டி ஓடையில் கிடந்து ஏறிய மருந்து அது. வெறி நாய்க்கடியின் விஷம் மாதக்கணக்கில் உடம்பில் பதுங்கியிருக்கும். அது எழும்பினால் முதலில் தெரிவது ஒன்றே: தண்ணீரைக் கண்டால் தொண்டை அடைக்கும். ஆகவே அந்த வருடம் முழுவதும், எந்தத் தோட்டத்துக்கு எந்த வேலையாகப் போனாலும், அவள் பறிக்கும் வரிசை எங்கே என்று பார்த்து அந்தப் பக்கமாகவே போவேன். மருந்துப் பெட்டியைத் திறந்து மூடுவேன், குடையை விரித்து மடக்குவேன். அவள் கஞ்சி குடிக்கும் நேரத்துக்காகக் காத்திருப்பேன். கங்காணி ஒருநாள் என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை.

மறு ஆடி மாதம் ஒரு மத்தியானம். மழை விட்டிருந்தது. பெண்கள் கூடைகளை இறக்கி வைத்து ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளி நின்று குடையோடு போராடிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்தாள். தகரக் குவளையை ஓடையில் முக்கி நிறைய எடுத்தாள். என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, ஒரு சொட்டு சிந்தாமல், அண்ணாந்து கடகடவென்று முழுவதையும் குடித்தாள். குவளையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"குடிச்சாச்சு. போதுமாய்யா, இன்னொண்ணு குடிக்கணுமா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கிவிட்டேன். பாதி வழி வந்த பிறகுதான் மழை இல்லை என்பதைக் கவனித்தேன்.